மூணாம் நம்பர் கொட்டடி

செருப்பைக் கழட்ட விடாதீங்க டீச்சர். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றப்ப அது ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. வெளிய வேப்ப மரத்தடியில வரிசையா நிக்க வச்சு, "இது மியூசியம், கோயில் இல்ல, செருப்போடயே நடங்க"ன்னு சத்தமாச் சொல்லிடுங்க. இல்லேன்னா வாசல்லயே கழட்டிருவாங்க. எந்த ஸ்கூல் வந்தாலும் இதே கதைதான். பெரிய கதவு, கல் தூணு, உள்ள இருட்டு. பிள்ளைங்க கால் தானா செருப்பை விட்டுருது.

உக்காருங்க. பூட்டியிருக்கேன்னு திரும்பிப் போயிடாதீங்க. சாப்பாட்டு நேரம், மியூசியம் ஆளுங்க இப்ப வந்துருவாங்க. தேதி கேக்கத்தானே வந்திருக்கீங்க? கையில கவரைப் பாத்தேன், ஸ்கூல் சீல் தெரிஞ்சுது. அதான் கூப்பிட்டேன். செல்லத்துரை, டீச்சருக்கு ஒரு டீ போடு. சீனி கம்மியா.

பாத்தீங்களா, சிரிக்கான். "அண்ணாச்சி, கச்சேரி ஆரம்பிச்சாச்சா"ங்கிறான். லேய், அண்ணாச்சின்னு கூப்பிடாதன்னு உங்கிட்ட எத்தனை தடவை சொல்றது? சார்னு கூப்பிடு. இல்லேன்னா ஒண்ணும் கூப்பிடாத. நான் இங்கதானே உக்காந்திருக்கேன், கூப்பிட வேண்டிய அவசியம் என்ன?

என் பேரு வெயிலுமுத்து. இந்தக் கட்டடம் சப்-ஜெயிலா இருந்த காலத்துல இங்க வார்டர். பணியில சேந்ததும் இங்கதான், ரிட்டயர் ஆனதும் இங்கதான். நான் ரிட்டயர் ஆகி கொஞ்ச நாள்ல ஜெயிலையே மூடிட்டாங்க. அப்புறம் வெள்ளையடிச்சு, போர்டு மாட்டி, மியூசியம்னாங்க. யாருக்கு இந்த இடம் தெரியும்னு விசாரிச்சப்ப எல்லாரும் கை காட்டினது என்னைத்தான். கழுத்துல மாட்ட ஒரு பேட்ஜ் குடுத்தாங்க. பேரு கொட்டை எழுத்துல இருக்கும். கீழ சின்னதா 'வழிகாட்டி'ன்னு.

இந்தத் தாலுகாவுல என்கிட்ட ஜெயில் பாக்காத பிள்ளை கிடையாது டீச்சர். நீங்க வேணா உங்க ஸ்கூல்லயே கேட்டுப் பாருங்க. மத்ததெல்லாம் மறந்திருக்கும். மூணாம் நம்பர் கொட்டடி மறந்திருக்காது.

முதல்ல ஆபீஸ் ரூம். அங்க கை விலங்கு, தட்டு, அலுமினியக் குவளை, கம்பளி. பிள்ளைங்க கம்பளியை மோந்து பாக்கும், மூஞ்சைச் சுளிக்கும். அப்புறம் ஹாலு. அங்க ஒரு கைதி பொம்மை வச்சிருக்காங்க. கோபுரத்துக்குப் பொம்மை செய்யுற ஆளுகிட்டக் குடுத்துச் செஞ்சது. அவருக்கு ஒரே மூஞ்சிதான் தெரியும். கைதிக்கும் அதையே வச்சுட்டாரு. உருண்டைக் கன்னம், சிவந்த உதடு, தொப்பை, சிரிச்ச முகம். கோடு போட்ட சட்டையை மட்டும் எடுத்துட்டா அப்படியே பூதகணம். சின்னப் பிள்ளைங்க கன்னத்துல போட்டுக்கிட்டுத்தான் நகரும். ஒரு பி.டி. வாத்தியார் சொன்னாரு, "சார், ஜெயில்ல இவ்வளவு நல்ல சாப்பாடா? எங்க ஹாஸ்டல் பயலுகளை இங்க அனுப்பிடுறேன்"னு. ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சேன். ஆனா கைதின்னா அப்படி இருக்க மாட்டான் டீச்சர். கன்னம் ஒட்டி, உதடு வெடிச்சு, அதுல தோலு வெள்ளையா உரிஞ்சு நிக்கும். சரி, அது எதுக்கு இப்ப.

அப்புறம்தான் மூணாம் நம்பர்.

மத்த அறையெல்லாம் கம்பிக் கதவு. இது பலகைக் கதவு. இரும்புப் பட்டை அடிச்சது. கண்ணு உயரத்துல ஒரு ஓட்டை, ரெண்டு விரல் போகும், அவ்வளவுதான். கலாட்டா பண்றவனை இதுலதான் போடுவாங்க. நான் பிள்ளைங்களைக் கேப்பேன், "யாரு உள்ள போறீங்க?"ன்னு. எல்லாக் கையும் மேல போகும். வகுப்புல பாதி உள்ள, பாதி வெளிய. வாத்தியாருங்களுக்கும் குஷி. "இவனுகளை ஒரு வாரம் வச்சுக்கிடுங்க சார்"ம்பாங்க. நான் கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாப்பேன். அது அந்தக் காலத்துப் பழக்கம். லாக்கப் ஆனா பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துட்டுத்தான் நகரணும்.

பூட்டு நல்ல பூட்டு டீச்சர். வாரா வாரம் நானே எண்ணெய் விடுவேன். இப்பவும் சொல்றேன், சாவியை வச்சாப் போதும், அதுவாத் திரும்பும். சின்னப் பிள்ளை கையால திறக்கலாம்.

பூட்டிட்டுச் சொல்லுவேன். "இப்ப நீங்க கைதி. தாகமா இருக்கு. கத்துங்க பாப்போம், 'ஐயா, தண்ணி'ன்னு." கத்துவாங்க பாருங்க! கட்டடமே அதிரும். "யாரும் வரமாட்டாங்க, இன்னும் கத்துங்க"ம்பேன். கத்தும். வெளிய நிக்கிற பாதி விழுந்து விழுந்து சிரிக்கும். அப்புறம் நான் கையைத் தூக்குவேன், எல்லாம் கப்சிப். சாவியைப் போட்டுப் படார்னு திறப்பேன். திபுதிபுன்னு ஓடி வருங்க, வேர்த்து, மூஞ்சி சிவந்து. அதைப் பாக்கணும் டீச்சர். ஒவ்வொண்ணும் வெளிய வருதே, அதைப் பாக்கணும்.

வந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டம்ளர் தண்ணி. அது என் ஏற்பாடு. மூணாம் நம்பருக்குப் பக்கத்துல ஒரு குழாய் வேணும்னு மனு மேல மனு போட்டேன். கொண்டுபோய் கக்கூஸ் பக்கத்துல வச்சாங்க. போங்கடான்னு நானே குடத்துல கொண்டுவந்து வச்சேன். "தாகம் இல்ல சார், பாட்டில் இருக்கு"ங்கும் சிலது. குடிக்காம விடமாட்டேன். குடிச்சாத்தான் அடுத்த அறை.

ஒரு சின்ன விஷயம் இருக்கு. பிள்ளைங்க கத்தி நிறுத்தின பிறகும் உள்ள இருந்து ஒரு குரல் கொஞ்சம் பிந்தி வரும். கொஞ்சம் கனத்த குரல். எதிரொலிதான், வேற என்ன? கல் கட்டடம். பொதுப்பணித்துறை இஞ்சினியர் ஒருத்தர் சுவர்ல ஈரம் ஓதம் ஏறுதான்னு பாக்க வந்தப்ப கேட்டேன். அவரு சுவரைத் தட்டிப் பாத்துட்டு, "மேல மரக்கட்டை போட்ட தளம், இவ்வளவு சின்ன ரூம்ல எதிரொலி வராதே"ன்னாரு. அவருக்கு என்ன தெரியும், ஒரு நாள் வந்துட்டுப் போறவரு.

தண்ணி குடிச்சு முடிச்சதும் கதையைச் சொல்லுவேன். கதைன்னா நடந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்துல நடந்தது.

அந்தக் கொட்டடியில ஒருத்தன் இருந்தான். ஆடு திருடினதா கேஸ். திருடினானோ இல்லையோ, கேஸ் அப்படி. சித்திரை மாசம். அவனுக்குக் காய்ச்சல் வேற. காய்ச்சல்ல கத்துறான், மத்தவங்க சாப்பிட முடியலேன்னு மூணாம் நம்பர்ல போட்டாங்க. ஹால்ல இருந்தவங்களை முந்தின நாளே பெரிய ஜெயிலுக்கு மாத்திட்டாங்க. அன்னைக்கு ஊர்ல தேரு. ஏட்டு, சமையக்காரர், எல்லாரும் வடம் பிடிக்கப் போயிட்டாங்க. ஒரே ஒரு வார்டர்தான் டூட்டி. மத்தியானம். மேளச் சத்தம், வேட்டுச் சத்தம். உள்ள இருக்கறவன் தண்ணி கேட்டான். முதல்ல "ஐயா"ன்னான். அப்புறம் "அண்ணாச்சி"ன்னான். கடைசியில பேரைச் சொல்லியே கூப்பிட்டான். வேட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. தேரு நிலைக்கு வந்தபிறகு ஆளுங்க திரும்பி வந்து திறந்தாங்க. முடிஞ்சு போச்சு. கதவுக்கு வெளிய அவனோட ரப்பர் செருப்பு ஜோடியா இருந்துச்சு. உள்ள போறப்ப கழட்டி வச்சது.

செருப்பைச் சொன்னதும் பிள்ளைங்க அமைதியாயிரும். எந்த ஸ்கூலா இருந்தாலும். அதுக்குத்தான் சொல்றேன், வாசல்ல கழட்ட விடாதீங்க. காலி செருப்பு வரிசையா கிடந்தா பாக்க நல்லாவா இருக்கு?

பெரிய பிள்ளைங்களா இருந்தா ரூலையும் சொல்லுவேன். ஒத்த ஆளா டூட்டியில இருக்கும்போது கொட்டடியைத் திறக்கக்கூடாது. அது ஜெயில்ல எழுதாத சட்டம் இல்ல, எழுதின சட்டம். திறந்தா, உள்ள இருக்கறவன் அடிச்சுப் போட்டுட்டு ஓடலாம். ஓடினா வார்டர் வேலை போயிரும். அந்த வார்டருக்கு அப்பத்தான் கல்யாணம் ஆயிருந்துச்சு. ரெண்டாவது ஆள் வரட்டும்னு இருந்தான். இருக்கத்தானே வேணும்? நீங்களே சொல்லுங்க. உங்க ஸ்கூல்ல ஹெச்.எம். ஒரு உத்தரவு போட்டா நீங்க மீறுவீங்களா?

டீ ஆறுது, குடிங்க.

இப்ப ஏன் நான் உள்ள இல்லாம இந்த டீக்கடை பெஞ்சுல இருக்கேன்னு நினைப்பீங்க. அதுக்குக் காரணம் ஒரு பொண்ணு. எட்டாங் கிளாஸ். முப்பிடாதின்னு பேரு. ரெட்டைச் சடை, மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும், துடைக்கக்கூட மாட்டா. கூட வந்தது ஜெசிந்தா டீச்சர்னு ஒருத்தங்க. நல்லவங்கதான், படபடப்பு ஜாஸ்தி.

அன்னைக்குச் சரியான வெயில். பிள்ளைங்க பஸ்லயே கொண்டுவந்த தண்ணியைக் காலி பண்ணியிருந்துச்சுங்க. நானும் எப்பவும் செய்யுற மாதிரி செய்யல. கதையை முன்னாடியே சொல்லிட்டேன். ஜெசிந்தா டீச்சர்தான், "கதையைக் கேட்டுட்டு உள்ள போனா நல்லா உணருவாங்க சார்"ன்னாங்க. படிச்சவங்க சொல்றாங்களேன்னு கேட்டேன். அங்கதான் தப்பு நடந்துச்சு. கதை கடைசியிலதான் வரணும். முதல்ல திறக்கணும், அப்புறம்தான் கதை.

கதையைக் கேட்டுட்டு உள்ள போனாங்க. பூட்டினேன், ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன். "கத்துங்க"ன்னேன். கத்துறதுக்குப் பதிலா ஓட்டையில ஒரு கண்ணு. இந்தப் பொண்ணுதான்.

"சார், வெள்ளைக்காரன் காலத்துல ரப்பர் செருப்பு இருந்துச்சா?"

வெளிய நின்ன பிள்ளைங்க சிரிச்சுது. நான், "ஏதோ ஒரு செருப்பு பாப்பா, நீ கத்து"ன்னேன்.

"வேட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கலேன்னீங்க. அப்ப அவரு ஐயான்னாரு, அண்ணாச்சின்னாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதெல்லாம் ஒரு கேள்வியா டீச்சர்? ஜெயில்னா ஒரு விஷயம் வாய்வழியா வரும். ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேக்குறதுதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அடுத்தது.

"கடைசியில பேரைச் சொல்லிக் கூப்பிட்டாருன்னீங்களே, என்ன பேரு சார்?"

எனக்கு ஞாபகம் இல்லேன்னேன். எத்தனையோ வார்டருங்க வந்து போன இடம். அந்தக் கண்ணு ஓட்டையிலயே இருந்துச்சு. மேல பாக்கல, கீழ பாக்கல. என் நெஞ்சையே பாத்துச்சு. பேட்ஜை. அப்புறம் உள்ள திரும்பி ஏதோ குசுகுசுன்னு சொல்லிச்சு. பிள்ளைங்க சிரிச்சுது. சிரிச்சிட்டு, எல்லாம் ஒண்ணாச் சேந்து கத்துச்சு.

"வெயிலுமுத்து அண்ணாச்சி, தண்ணி!"

விளையாட்டுதான். அதுங்களுக்கு ஒரு பேரு வேணும், பேட்ஜ்ல ஒரு பேரு இருந்துச்சு. அவ்வளவுதான். பிள்ளைங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

வெளிய இருந்ததுங்களும் சேந்துக்கிச்சு. "வெயிலுமுத்து அண்ணாச்சி, தண்ணி!" நான் கையைத் தூக்கினேன். எல்லாம் நிறுத்திடுச்சு. எப்பவும் போல அந்த எதிரொலி பிந்தி வந்துச்சு. அதுவும் இந்தத் தடவை ஐயான்னு சொல்லல.

அப்பத்தான் பூட்டு சிக்கிக்கிச்சு.

பழைய பூட்டு டீச்சர். எண்ணெய் விட்டாலும் வெயில்ல இரும்பு விரியும், சிக்கும். யாரு கையில வேணா சிக்கும். சாவி உள்ளதான் இருந்துச்சு, என் கையும் சாவி மேலதான் இருந்துச்சு. திரும்பல. உள்ள முதல்ல விளையாட்டாக் கத்துச்சுங்க. அப்புறம் "திறங்க சார்"ன்னுச்சுங்க. அப்புறம் ஒண்ணு அழ ஆரம்பிச்சுது, அதைப் பாத்து மத்ததும் அழுதுச்சு. கதவை உதைச்சுதுங்க. ஜெசிந்தா டீச்சர் என் தோளைப் பிடிச்சு உலுக்குறாங்க. "சார், திறங்க! என்ன சார் பண்றீங்க, திறங்க!"

நான் சொன்னேன், "ரெண்டாவது ஆள் வரட்டும் மேடம்"னு.

அப்படி நான் சொன்னதா அவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. எனக்கு ஞாபகம் இல்ல. சொல்லியிருந்தாலும் என்ன தப்பு? பூட்டு சிக்கினா ரெண்டாவது ஆள் வேணும்தானே. ஒருத்தர் கதவைத் தூக்கிப் பிடிக்கணும், ஒருத்தர் சாவியைத் திருப்பணும்.

அவங்க என் கையைத் தட்டிவிட்டு சாவியைப் பிடிச்சாங்க. ஒரே திருப்பு. திறந்துக்கிச்சு. அது அவங்க அதிர்ஷ்டம்.

பிள்ளைங்க வெளிய வந்துச்சுங்க. ஆனா எப்பவும் வர்ற மாதிரி வரல. ரெண்டு பிள்ளைக்கு மயக்கம். முப்பிடாதி கடைசியா வந்தா. அழவே இல்ல. மூக்கைத் துடைச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னா. நான் குடத்துல ஒரு டம்ளர் மொண்டு நீட்டுனேன். வாங்கினவ குடிக்காம, பின்னால திரும்பி, கொட்டடிக்குள்ள தரையில வச்சுட்டுப் போயிட்டா. எதுக்கு அப்படிச் செஞ்சான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. குசும்பு பிடிச்ச பொண்ணு. நான் அந்த டம்ளரை எடுக்கவும் இல்ல. வேற யாரோ எடுத்திருப்பாங்க. மறுநாள் பாத்தப்ப காலியாக் கிடந்துச்சு.

விசாரணை வச்சாங்க. எவ்வளவு நேரம் பூட்டியிருந்துச்சுன்னு கேட்டாங்க. ஒரு நிமிஷம் இருக்கும்னேன். ஜெசிந்தா டீச்சர் அரை மணி நேரம்னு எழுதியிருக்காங்க. பயந்தா நேரம் நீளமாத் தெரியும், தப்பா நினைக்காதீங்க. அந்த அதிகாரி என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. "நீங்க இங்க வார்டரா இருந்தப்ப ஏதாவது அசம்பாவிதம் நடந்ததா?"ன்னாரு. நான் அதுக்கு நேராவே பதில் சொன்னேன். "சார், ஆறுமுகம் மகன் கோமதிநாயகம் கேஸ்ல வார்டர் மேல தப்பு இல்லேன்னு அப்பவே விசாரிச்சு முடிச்சாச்சு. ரூல்படிதான் நடந்திருக்கு"ன்னு. அவரு பேனாவை மூடி வச்சுட்டாரு. பேட்ஜை வாங்கிக்கிட்டாங்க.

இப்ப என் இடத்துக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு, எம்.ஏ. வரலாறு. மரியாதையான பொண்ணு, குத்தம் சொல்ல மாட்டேன். நல்லாத்தான் பேசுது, எந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு ஒப்பிக்குது. ஆனா வந்ததும் வராததுமா ஒண்ணு செஞ்சுது. மூணாம் நம்பர் கதவை விரியத் திறந்து, சுவரோட சேத்து சங்கிலி போட்டுக் கட்டிருச்சு. பூட்டைக் கழட்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருச்சு. "பாதுகாப்பு சார்"ங்குது.

கதவைத் திறந்தே போட்டா எப்படி டீச்சர்? இது யாருக்கும் புரிய மாட்டேங்குது. உள்ள இருந்தது உள்ளயேவா இருக்கும்? முன்னாடி பிள்ளைங்க கத்தினாத்தான் கேக்கும். நான் திறப்பேன், நின்னுரும். அடுத்த ஸ்கூல் வர்ற வரைக்கும் ஒரு தொந்தரவும் இருக்காது. இப்ப அப்படி இல்ல. இந்த பெஞ்சுல உக்காந்திருந்தாலும் கேக்குது. பஸ் ஸ்டாண்டுல கேக்குது. சோறு பாதியில எந்திரிச்சு சொம்பைத் தூக்கிட்டு வாசலுக்குப் போறேனாம். வீட்டுக்காரி சொல்றா. "யாருக்குங்க?"ன்னு கேட்டா, "வர்றேன் இருப்பா"ங்கிறேனாம். அவ இப்ப மக வீட்டுல இருக்கா. பேரனைப் பாத்துக்கிட.

லேய் செல்லத்துரை, என்னது? இல்லையா? நீ கூப்பிடலையா? சரி, சரி. வேலையைப் பாரு.

இவன்தான் எப்பவும் இப்படி. கூப்பிட்டுட்டு இல்லேம்பான்.

டீச்சர், உங்ககிட்ட ஒரே ஒரு உதவிதான். அந்த லெட்டர் இன்னும் ஒட்டலைதானே? கீழ ஒரு வரி சேத்துடுங்க. 'வழிகாட்டியாக முன்னாள் வார்டர் வெயிலுமுத்துவை அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.' ஸ்கூல்ல இருந்து எழுத்துல கேட்டா அவங்களால தட்ட முடியாது. சங்கிலியை ஒரு நாள் அவுக்கட்டும், பூட்டை ஒரு நாள் தரட்டும். நான் எண்ணெய் விட்டுக்கிடுறேன். உங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாரும் வேண்டாம், தைரியமான பிள்ளைங்களா நாலஞ்சு பேரு உள்ள போனாப் போதும். நீங்களும் பக்கத்துலயே நில்லுங்க. ரெண்டாவது ஆளா இருந்த மாதிரியும் ஆச்சு.

ஏன் எந்திரிச்சிட்டீங்க? டீ அப்படியே இருக்கே. கவரை ஏன் பைக்குள்ள வைக்கிறீங்க? அவங்க வந்துட்டாங்களான்னு பாக்கிறீங்களா? இன்னும் வரல. சரி, அந்த மரத்தடியில நின்னுக்கிடுறேங்கிறீங்களா. நில்லுங்க, நில்லுங்க. இங்க வெக்கை ஜாஸ்திதான்.

கதையெல்லாம் இந்தத் தடவை சொல்ல மாட்டேன் டீச்சர். கதையே வேண்டாம். பேரு வேணும்னாலும் சொல்லிக்கிடட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. பிள்ளைங்ககிட்ட மட்டும் சொல்லி வைங்க. தண்ணின்னு ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும்.

ரெண்டாவது தடவை கூப்பிட விடமாட்டேன்.